பதினாலு சித்ரா

ஒவ்வொரு பாக்கெட்டையும் பெரிய சித்ரா கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அமுக்கிப் பார்க்கிறார். உள்ளே காற்று முட்டிக்கொண்டு நின்றால் நல்லது. சப்பென்று அமுங்கினால் எங்கோ ஊசி முனையளவு ஓட்டை. பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காலாவதித் தேதியைப் படிக்கிறார். நாமக்கல்லில் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் காட்டிக் காட்டிப் பொறுக்குவார்களே, அந்த நிதானம். தேறாத ஆணுறையை அப்படியே குப்பையில் எறிவதில்லை. கத்தரிக்கோலால் குறுக்கே இரண்டாக வெட்டிய பிறகுதான் எறிகிறார்.

“முழுசாப் போட்டா எவனாச்சும் பொறுக்கிக்குவான் சாமி. அப்பறம் அந்தப் பாவம் நம்ம தலையில.”

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. டீக்கடைக்குப் பின்னால் கிடக்கும் பெஞ்சில் தினமும் காலை பத்தரை மணிக்கு இந்தச் சோதனை நடக்கும். நாலா பக்கமும் தகரம் தட்டும் சத்தம். இங்கே எதைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசினாலும் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

பெரிய சித்ரா என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் வழி சொல்வார்கள். வயது ஐம்பத்தொன்று. பைபாஸ் ரோட்டில் இருபத்தேழு வருடமாகத் தொழில். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: அதே ரோட்டில் நிற்கும் பெண்களுக்கு ஆணுறை கொடுப்பது, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரிக்கும் பிடிபட்டால் ஸ்டேஷனுக்கும் ஓடுவது. ஒரு தொண்டு நிறுவனம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. பழைய தொழிலை விட்டாயிற்றா என்று கேட்டால் மழுப்புவதில்லை. “வயசாயிருச்சுங்க. பழைய ஆளுக ரெண்டு பேரு வருவாங்க. முட்டி வலி, மருமக சண்டைன்னு பேசிப்போட்டு, டீயக் குடிச்சுப்போட்டுப் போயிருவாங்க. அதுக்குப் பேரு தொழிலான்னு நீங்கதான் சொல்லோணும்.”

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்ற கேள்விதான் அவருக்கு ஆகாது. கேட்டவர் யாராக இருந்தாலும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பதில். “லாரி டிரைவர்கிட்டப் போயி நீ ஏன் லாரி ஓட்டறேன்னு கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுக் கேப்பீங்களா? அப்பன் வித்துட்டான், புருசன் ஏமாத்திட்டான்னு சொல்லுவேன்னு பேனாவை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க. கோழிப்பண்ணையில எட்டு மாசம், தறியில ரெண்டு வருசம், சித்தாளா ஒரு வருசம். மூணுலயும் முதுகு போச்சு, மேஸ்திரி கையும் சும்மா இருக்கல. இங்கன்னா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாயாச்சும் இருக்குது.”

இதைக் கேட்டுவிட்டு, இந்தத் தொழிலில் கஷ்டமே இல்லை போலிருக்கிறது என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். இடது புருவத்துக்கு மேல் ஐந்து தையல் போட்ட தழும்பு இருக்கிறது. வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. இரண்டைப் பற்றியும் அவராகப் பேசமாட்டார். கேட்டால், “அது வேற கதை” என்று அடுத்த பாக்கெட்டை அமுக்கத் தொடங்கிவிடுவார்.

காலில் எப்போதும் பின்பக்கம் வார் வைத்த செருப்பு. ஓட வேண்டி வந்தால் கழன்று விழாது. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் பாடமே செருப்புதான். லாரியில் ஏறுமுன் வண்டி நம்பரைப் போன் போட்டு இன்னொருத்திக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இரண்டாவது. அப்படி வந்து சேர்ந்த நம்பர்கள் எல்லாம் பெரிய சித்ராவின் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆளின் முகம் மறந்துபோகும், நம்பர் மறக்காது. ஒருநாள் டீக்கடையில் ஒரு டிரைவர் வணக்கம் வைத்தபோது, “எந்த ஊருப்பா நீ?” என்று விழித்தவர், வெளியே நின்ற வண்டியை எட்டிப் பார்த்ததும், “அட, நீயா! உன்ற சம்சாரத்துக்கு ஆபரேசன் ஆச்சா?” என்றார்.

ஆணுறை வேண்டாம் என்று முறுக்கும் ஆட்களிடம் அவர் பேசுவது சுத்தமான லாரி பாஷை. “டியூப் இல்லாம டயரு ஓடுமா?” என்பார். இளவட்டம் ஒருவன், “இப்ப எல்லாமே டியூப்லெஸ்தான் அக்கா” என்று மடக்கினான். அக்கா மடங்குகிற ஆளா? “அது பஞ்சரானா வண்டி மட்டுந்தான் நிக்கும். நீ பஞ்சரானா ஊட்டுல ஒருத்தியும் சேர்ந்து நிப்பா. இந்தா, புடி.” அவன் இரண்டு பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு போனான்.

இனி மூன்றாவது பாடம். அதுதான் பைபாஸ் ரோட்டின் சட்டம்: நிஜப்பேர் வீட்டில் இருக்க வேண்டும், ரோட்டுக்கு வரக்கூடாது. பெரிய சித்ராவுக்கும் முந்தைய தலைமுறையில் யாரோ ஒருத்தி முதன்முதலாகப் பிடிபட்டபோது, வாயில் வந்த பேரைச் சொல்லி வைத்தாள்: சித்ரா, கணவர் பேர் செங்கோடன். அப்படி ஒரு சித்ராவும் கிடையாது, செங்கோடனும் கிடையாது. அடுத்துப் பிடிபட்டவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் சொன்னாள். அன்று முதல் அந்த ரோட்டில் எல்லோரும் சித்ரா, எல்லோருக்கும் புருஷன் செங்கோடன். ஸ்டேஷன் ரைட்டர்களும் சலித்துப்போய், ‘சித்ரா வகையறா’ என்று எழுதிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். தங்களுக்குள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று நெட்டைச் சித்ரா, கண்ணாடிச் சித்ரா, எருமப்பட்டிச் சித்ரா, செவ்வாய்ப்பேட்டைச் சித்ரா என்று பிரித்துக்கொண்டார்கள். இவர் மூத்தவர் என்பதால் பெரிய சித்ரா.

கேட்டால் சிரிப்பு வரும் விஷயம்தான். ஆனால் நெட்டைச் சித்ரா செத்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். சீட்டிலும் சித்ரா, க/பெ செங்கோடன்தான். எந்த ஊர், யார் மகள் என்று உடன் நின்ற ஒருத்திக்கும் தெரியவில்லை. “நாலு வருசம் ஒரே தட்டுல சோறு தின்னோம். பொணத்தை ஊருக்குத் தாட்டி உடலாம்னா எந்த ஊருன்னு தாட்டி உடறது? அவளுக்கு அம்மா இருந்திருப்பா. இன்னும் வருவா வருவான்னு பாத்துக்கிட்டுக்கூட இருப்பா.” இதைச் சொல்லும்போது மட்டும் பெரிய சித்ராவின் குரல் இறங்கிவிடும்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஆணுறைப் பையைத் தூக்கினார். சட்டத்திலும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ரோட்டுக்கு வருகிறவள் தன் நிஜப்பேரையும் ஊரையும் ஒரே ஒரு முறை, பெரிய சித்ராவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லமாட்டார், எழுதி வைக்கவும் மாட்டார். இன்று அறுபத்திரண்டு பெண்களின் பேரும் ஊரும் அந்த ஒரு தலைக்குள் இருக்கின்றன. பதினெட்டு வருடத்தில் ஒன்றுகூட வெளியே கசிந்ததில்லை. ஐந்து தடவை மட்டும், ஐந்து உடல்கள் சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. எந்த அலுவலகத்திலாவது இத்தனை ஒழுங்கான பதிவேடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பெரிய சித்ராவின் நிஜப்பேரை யாரும் கேட்டதில்லை. கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தானே இருந்தது!

போன மாசி மாதத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து அந்த பெஞ்சுக்கு வந்தார்கள். சேலத்தில் ஒரு குழு கூடப்போகிறது. விபச்சாரத்தைச் சட்டப்படி அனுமதித்து ஒழுங்குபடுத்தலாமா, கூடாதா என்று எல்லாத் தரப்பிடமும் கருத்துக் கேட்கப்போகிறது. முதலில் வந்தவர் சேலம் வக்கீல் இளவழகன். நல்ல மனிதர், பெண்களுக்காகப் பல வழக்குகளில் கைக்காசு போட்டு வாதாடியவர். “லைசென்ஸ் வந்துட்டா நீங்க தலை நிமிர்ந்து நடக்கலாம் அக்கா. போட்டோ போட்ட அடையாள அட்டை, மாசத்துக்கு ஒரு மருத்துவச் சோதனை, ஒதுக்கின இடம். போலீஸ் ஒரு வார்த்தை பேச முடியாது. நீங்க வந்து, எங்களுக்கு லைசென்ஸ் வேணும்னு ஒரே வரி சொன்னாப் போதும்” என்றார்.

மறுநாள் வந்தவர் தெய்வநாயகி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பெண்கள் காப்பகம் ஒன்றை நடத்துகிறார். “சட்டமாக்கினா பொண்ணுங்களைக் கொண்டாந்து தள்ளறவனுக்குத்தான் கொண்டாட்டம். இந்தத் தொழிலே இருக்கக் கூடாதும்மா. நீ பட்டதையெல்லாம் வந்து சொல்லு. உன் வாயால சொன்னா கல்லும் கரையும்” என்றார்.

டீச்சர் மேல் பெரிய சித்ராவுக்கு மரியாதை உண்டு. போன தை மாதம் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றை ஒருவன் ரோட்டில் கொண்டுவந்து இறக்கினான். அவனைச் செருப்பாலேயே நாலு போட்டு, பிள்ளையைப் பெட்டிக்கடைக்குள் உட்கார வைத்துவிட்டுப் பெரிய சித்ரா போன் செய்தது டீச்சருக்குத்தான். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து நின்ற மனுஷி அவர். இருந்தாலும் மரியாதை வேறு, கருத்து வேறு அல்லவா?

“அந்தப் புள்ளைக்கு உங்க ஊடு வேணும்ங்க டீச்சர். எனக்கு வேண்டாம். உங்க ஊட்டுல பூட்டு வெளிப்பக்கம் இருக்குது.”

டீச்சர் மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

இருவரிடமும் வருகிறேன் என்றுதான் சொன்னார், என்ன பேசுவேன் என்று சொல்லவில்லை. அவரவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பேசுகிற ஆள் இல்லை அவர். ஒன்பது நாள் பைபாஸ் முழுக்க நடந்து, அறுபத்திரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, அட்டை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். செவ்வாய்ப்பேட்டைச் சித்ராவிடம்தான் பெரிய வாக்குவாதம். இருபத்தெட்டு வயது, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்.

“எனக்குக் கார்டு வேணும் அக்கா. ஸ்டேசன்ல தரையில உக்கார வேண்டாமில்ல? கேட்டாத் தூக்கிக் காட்டலாமில்ல?”

“லாரிக்குப் பர்மிட்டு இருக்குது, ஆர்சி இருக்குது, ஓடத் தேறுதுன்னு குடுக்கற எஃப்சி இருக்குது. அதுக்காக வழியில நிறுத்தாம உடறானா? இருக்கறதுனாலதான், எடு எடுன்னு நிறுத்தறான். அந்தக் கார்டுல உன்ற மூஞ்சி இருக்கும், ஊரு இருக்கும். போர் போடற ரிக்கு வண்டிக்குப் போற ஆளுககிட்ட ஆதாரை வாங்கி ஓனரு பொட்டியில போட்டுப் பூட்டிக்கறாப்புல, இதையும் ஒருத்தன் வாங்கிப் பூட்டிக்குவான்.”

“அதுக்காகக் கேசு வாங்கிக்கிட்டே கெடக்கறதா?”

“உன்றது நாயம்தான்” என்று பெரிய சித்ரா ஒப்புக்கொண்டார். முடிவில் கணக்கு இப்படி வந்தது: அட்டை வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தொரு பேர். வேண்டும் என்றவர்கள் பதிமூன்று பேர். நீ சொல்வதுதான் எங்களுக்கும் என்றவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. அடுத்தவர் கருத்தைத் தன் கருத்தோடு சேர்த்துக் கட்டுவது அவருக்குப் பிடிக்காது.

சேலத்துக்குப் பதினாலு பேர் கிளம்பினார்கள், அவரையும் சேர்த்து. கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம். வாசலில் ஒரு மேசை, மேசை மேல் தடித்த ரெஜிஸ்டர், பின்னால் பேனாவோடு ஓர் எழுத்தர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தலை நிமிராமல் எழுதுகிற ரகம். வரிசையில் முதலில் நின்றவள் எருமப்பட்டிச் சித்ரா.

“பேரு?”

“சித்ரா.”

“கணவர்?”

“செங்கோடன்.”

அடுத்தவளும் சித்ரா, செங்கோடன். அதற்கடுத்தவளும் அதுவே. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மேசை, ரெஜிஸ்டர், பேனா பிடித்த ஆள் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் அந்த வாய்களில் வேறு பேர் வராது. கடைசியாக நின்ற பெரிய சித்ரா, என்ன நடக்கிறது என்று உணர்வதற்குள் தாமும் அதையே சொல்லிவிட்டார். பதினாலாவது தடவை எழுதி முடித்ததும் எழுத்தர் முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

குழுத் தலைவர் வெள்ளை முடியும் கண்டிப்பான குரலும் கொண்ட ஓய்வு பெற்ற அதிகாரி. மைக்கைத் தட்டிவிட்டுக் கேட்டார்: “நாமக்கல்லில் இருந்து வந்த பதினாலு பேரும் சித்ரா, பதினாலு பேருக்கும் கணவர் செங்கோடன் என்று எழுதியிருக்கிறது. யார் செய்கிற விளையாட்டு இது?”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் நோட்டும் கேமராவுமாக உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்களில் ஒருவர், “அந்தச் செங்கோடனைக் கொஞ்சம் மேடைக்குக் கூப்பிடுங்க சார்!” என்றார். மறுபடியும் சிரிப்பு. பெண்கள் பதினாலு பேரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. யாரோ ஆள் பிடித்து அனுப்பிய கூட்டம் என்று நினைத்துவிட்டார். “கருத்துச் சொல்பவரின் பெயர், ஊர், தொழில் மூன்றும் அறிக்கையின் கடைசியில் அச்சாக வேண்டும். அதுதான் விதி. பொய்ப்பேரில் கருத்தைப் பதிவு செய்ய முடியாது. இந்தப் பதினாலையும் நீக்கிவிடலாம்.” இளவழகன் எழுந்து, அவர்கள் பேரை மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று வாதாடினார். தெய்வநாயகி டீச்சரும் எழுந்து அதையே சொன்னார். அந்த மண்டபத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி. ஒருவராவது உண்மையான பெயரில், அத்தாட்சியோடு சொல்லட்டும். அவர் எல்லோர் சார்பாகவும் பேசலாம். ஐந்து நிமிடம் தருகிறேன். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சித்ரா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “உட்டுரு அக்கா. ஊட்டுக்குப் போயிரலாம். பைபாஸு எங்க போயிரும்?”

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜேடர்பாளையத்தில் பெரிய சித்ராவுக்கு ஒரு பிறந்த வீடு இருக்கிறது. அண்ணன் சின்னண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். அவர்களைப் பொறுத்தவரை இவர் திருப்பூரில் ஒரு மில் ஹாஸ்டலில் வார்டன். வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனியில் கோயில் திருவிழாவான நோம்பிக்கு மட்டும் ஊருக்குப் போவார். அன்று அந்த ஊரில் பிறந்த பெண்கள் எல்லாம் மாவிளக்குத் தட்டோடு கோயில் வாசலில் நிற்பார்கள். பூசாரி ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேரைக் கேட்டவள் வாசலைத் தாண்டி உள்ளே போவாள். வருடத்தில் முன்னூற்று அறுபத்து நான்கு நாள் சித்ராவாக இருக்கிறவருக்கு, சொந்தப் பேர் காதில் விழுகிற ஒரே நாள் அது. அந்த ஒரு கூப்பிடலுக்காகப் பட்டுப்புடவையை வருடம் முழுக்க மடித்து வைத்திருப்பார். நோம்பிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சின்னண்ணன் தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, படிக்கத் தெரியாத நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறவர். பேப்பரில் இந்தப் பேர் வந்தால் அதை அந்த ஊருக்குப் படித்துச் சொல்லப்போவது வேறு யாருமல்ல, அவருடைய அண்ணனே.

ஆக, ஒரு பக்கம் கோயில் வாசல். மறுபக்கம் ஒன்பது நாள் நடந்து சேர்த்த அறுபத்திரண்டு பேரின் வார்த்தை. இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை.

ஐந்து நிமிடத்தில் மூன்று போயிருக்கும். பெரிய சித்ரா எழுந்தார். முந்தானையை முகத்தில் இருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு நடந்தார். மைக் உயரமாக இருந்தது. அதைப் பிடித்துத் தம் வாய்க்கு இறக்கினார்.

“பதினாலு பேரும் சித்ரான்னு சொன்னது விளையாட்டு இல்லீங்க சாமி. எங்களுக்கு அந்த ஒரு பேருதான் வேலி. அவிய நெசப் பேரு அத்தனையும் எனக்குத் தெரியும். கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன். அவிய பேரைக் கேக்காதீங்க. என்ற பேரை வாங்கிக்குங்க.”

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“என்ற பேரு அத்தாயி. அப்பன் பேரு வீரன். ஊரு ஜேடர்பாளையம்.”

பின்னால் உட்கார்ந்திருந்த பதிமூன்று பேருக்கும் அன்றுதான் அந்தப் பேர் தெரிந்தது. எருமப்பட்டிச் சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அத்தாயி அழவில்லை. இன்னும் பேச வேண்டியது இருந்தது. “நாப்பத்தொரு பேரு கார்டு வேண்டாம்ங்கறாங்க. பதிமூணு பேரு வேணும்ங்கறாங்க. அதையும் எழுதிக்குங்க, உட்றாதீங்க. எட்டுப் பேரு ஒண்ணும் சொல்லல. இப்ப என்றதைச் சொல்றேன். மாசாமாசம் எங்களுக்கு எஃப்சி போடோணும்ங்கறீங்க. சரிங்க. வர்ற ஆம்பளைக்கு எஃப்சி யாரு போடறது? இப்ப நாங்களே போயி ரத்தம் குடுக்கறோம். ஏன் போறோம்? அங்க ஒரு நம்பரு குடுத்து அதைத்தான் கேக்கறாங்க, பேரு கேக்கறதில்ல. பேரைக் கேட்டீங்கன்னா அன்னிக்கே ஒளிஞ்சுக்குவோம். அப்பறம் சீக்கு யாருக்கு வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சின்னப் புள்ளைகளக் கொண்டாந்து நிறுத்தறவனைப் புடிங்க, நாங்களே புடிச்சுக் குடுக்கறோம். வேண்டாம்னு சொல்றவளை வற்புறுத்தறவனைப் புடிங்க. எங்களுக்கு லைசென்ஸும் வேண்டாம், மீட்பும் வேண்டாம். நின்னதுக்குக் கேசு போடாதீங்க. பிரசவத்துக்குப் போனாலும் அடிபட்டுப் போனாலும் ஆஸ்பத்திரியில மனுசியாட்டப் பாருங்க. அவ்வளவுதானுங்க.”

இளவழகன் எதிர்பார்த்த வரி அதில் இல்லை. டீச்சர் எதிர்பார்த்த கண்ணீரும் இல்லை. இருந்தாலும் இருவரும் கை தட்டினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எழுதிக்கொள்ளுங்கள்” என்று எழுத்தரிடம் சொன்னார்.

அத்தாயி ஆதார் அட்டையை ரவிக்கைக்குள் இருந்த சிறு பர்ஸில் இருந்து எடுத்து மேடையில் எழுத்தருக்கு முன்னால் இருந்த மேசை மேல் வைத்தார். அவர் புதிய தாள் ஒன்றை எடுத்து, பெயர், அத்தாயி என்று எழுதினார். ஊர், ஜேடர்பாளையம் என்று எழுதினார். அத்தாயி வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, குண்டு குண்டாக விழுந்தது. தொழில் என்ற மூன்றாவது கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. எழுத்தர் அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தம் தங்கை வயசுப் பெண்மணி. பின்வரிசைக் கேமராக்களையும் பார்த்தார். பிறகு தாளைத் தம் பக்கம் இழுத்து, மளமளவென்று ஏதோ எழுதினார். நல்ல மனசோடுதான் எழுதினார்.

ஸ்டேஷன் மேசைகளுக்கு எதிரே நின்று நின்று, தலைகீழாகக் கிடக்கும் எழுத்தைப் படிக்க அத்தாயிக்கு எப்போதோ பழக்கமாகியிருந்தது. ‘இல்லத்தரசி’ என்று இருந்தது.

“இதென்னங்க சாமி?”

“இருக்கட்டும்மா” என்றார் எழுத்தர் தணிந்த குரலில். “அச்சுல வர்றது. உங்களுக்குத்தான் நல்லது.”

“நல்லதுதானுங்க. ஆனா அது நான் இல்லீங்களே.”

அத்தாயி எழுத்தர் கையில் இருந்த பேனாவை மெதுவாக வாங்கினார். அந்த வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மேலே இருந்த கொஞ்சம் இடத்தில், அவசரப்படாமல், ‘பாலியல் தொழில்’ என்று எழுதினார். ‘ழி’க்குச் சுழி சரியாக வரவில்லை, மறுபடி ஒரு தடவை அழுத்தினார். முடித்ததும் எழுத்தர் தாளுக்குக் கை நீட்டினார். அத்தாயி கொடுக்கவில்லை. அடித்துத் திருத்திய இடத்தில் திருத்தியவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு முறை குனிந்து, அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: வீ. அத்தாயி.